ஆலோசனை என்ற சொல் செய்த குழப்பம்

சென்ற வாரம் சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சந்தித்த அக்கா ஒருவர், உயர்நிலை மூன்றில் படிக்கும் தம் மகன் இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போக மறுப்பதைச் சொல்லிவிட்டு, "அவனுக்கு நாலு நல்ல புத்தி சொல்கிற ஆலோசகர் யாராவது தெரியுமா தம்பி?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'மனநல ஆலோசனை' என்று நாம் வைத்திருக்கும் பெயரே அப்படித்தான் எண்ண வைக்கிறது. ஆனால் உளச்சிகிச்சையின் பெரிய மரபுகளில் எதுவும் புத்தி சொல்வதை மையமாகக் கொண்டதில்லை.

என் தந்தை இறந்த ஆண்டில் நானும் இதே எதிர்பார்ப்போடுதான் ஓர் ஆலோசகர் முன் போய் அமர்ந்தேன். முதல் இரண்டு சந்திப்புகளில் அந்த அம்மையார் ஒரு தீர்வும் சொல்லாதது எரிச்சலாக இருந்தது. மூன்றாவது முறை, அப்பா கடைசியாக அழைத்தபோது வேலையிடத்தில் இருந்ததால் நான் தொலைபேசியை எடுக்காமல் விட்டதை, வீட்டில் யாரிடமும் சொல்லாததை, அவரிடம் சொன்னேன். 'எல்லாம் விதி' என்று அவர் முடித்துவைக்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருந்தார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்திய போலித்தனமின்மை, நிபந்தனையற்ற ஏற்பு, பிறர் உணர்வை அவர் நிலையிலிருந்தே உணர்தல் ஆகிய மூன்றும் எவ்வளவு கடினமான தொழில்திறன் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பையன் 'எனக்கு எதுவும் வராது, எல்லாரும் சிரிப்பார்கள்' என்று எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். 'அப்படியெல்லாம் நினைக்காதே' என்பதுதான் நம் வீடுகளின் பதில். 1960களில் பிலடெல்பியாவில் மனச்சோர்வுற்றவர்களைக் கவனித்த மனநல மருத்துவர் ஏரன் பெக், தாமாகவே தோன்றும் இத்தகைய எண்ணங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகங்களாகக் கருதினார். எப்போது சிரித்தார்கள், சிரிக்காதவர் யார் என்று இருவரும் சேர்ந்து சான்று தேடுவதே சிபிடி எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சையின் உயிர். அதன் நடத்தைப் பகுதி இன்னும் நேரடியானது. பயந்து ஒதுங்கும்போது கிடைக்கும் நிம்மதியே அடுத்த நாள் பயத்தை வளர்ப்பதால், இன்று பேருந்து நிறுத்தம், நாளை பள்ளி வாசல், பிறகு நூலகம் எனப் படிப்படியாக நெருங்கச் செய்வார்கள். அடித்து இழுத்துப் போவதும், பாவம் என்று வீட்டிலேயே விட்டுவிடுவதும் இதற்கு ஈடாகா.

ஆழ்மனத்தை ஆராயும் பிராய்டின் உளப்பகுப்பாய்வைப் பழங்கதை என்று ஒதுக்குவோர் பலர். ஆயினும் பழைய உறவுகளின் உணர்வுகளை நாம் சிகிச்சையாளர்மீது ஏற்றிப் பார்க்கிறோம் என்ற அதன் கருத்து, புத்தி சொல்பவர் ஏன் தோற்கிறார் என்பதை நன்றாகவே விளக்குகிறது: பையனுக்கு அவர் இன்னோர் அப்பா.

நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவைப்படுவது குடும்பச் சிகிச்சை என்றே நான் கருதுகிறேன். பிள்ளையிடம் தெரியும் சிக்கலை, குடும்பத்தில் யாருக்கும் யாருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, யார் யாரோடு சேர்ந்துகொள்கிறார் என்னும் எல்லைகளோடும் கூட்டணிகளோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார் அச்சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினுச்சின். பெற்றோர் தங்களுக்குள் பேசாத சண்டையைப் பல வீடுகளில் பிள்ளைதான் சுமக்கிறது.

ஆகவே அந்த அக்காவிடம், அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்தில் விசாரிக்குமாறும், அவரையும் கணவரையும்கூட அழைக்கலாம் என்றும் சொன்னேன். "எங்களையா?" என்றவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தமிழில் பேசலாமா தம்பி? 'மனசு பாரமா இருக்கு' என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது" என்றார். பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் ஆலோசகரைக் கேளுங்கள் என்றேன்.