கடைசி நாட்களில் ஊட்டாவிட்டால் பட்டினிச் சாவா?

"படுக்கையில் கிடக்கும் பெரியவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் வாயைத் திறந்து கஞ்சி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பட்டினியில்தான் சாவார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, ஆபத்தும்கூட.

உயிர் பிரியும் தறுவாயில் பசியும் தாகமும் தாமாகவே குறைந்துவிடும். சாவு நெருங்குவதால்தான் அவர் சாப்பிடுவதில்லை. விழுங்கும் திறனும் போய்விடுவதால், கஞ்சியோ பாசத்தோடு விடும் பாலோ மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். மூச்சுத் திணறும், நிமோனியா வரும்.

வாய் வறண்டிருக்கும். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் மெல்ல ஒற்றுங்கள், உதட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அவராகக் கேட்டு, விழுங்கவும் முடிந்தால் தலையை உயர்த்தி அரை ஸ்பூன் கொடுக்கலாம்.

ஆனால் நடமாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று சோற்றை ஒதுக்கினால் அது வேறு விஷயம். வாய்ப்புண், மலச்சிக்கல், மனச்சோர்வுகூடக் காரணமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.