எரேமியா 29:11 இந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம் அல்ல

சகோதரரே, "எரேமியா 29:11-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள், எதிர்பார்த்த எஸ்டேட் வீடு இந்த வருஷமே கைக்கு வரும்" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" கர்த்தர் கொடுப்பார் என்கிற அந்த வேதாகம வசனம் அப்படிச் சொல்லவில்லை.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். முந்தின வசனத்திலேயே, 70 வருஷம் கழித்துத்தான் திரும்புவார்கள் என்று இருக்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். 28-ஆம் அதிகாரத்தில் "இரண்டே வருஷத்தில் திரும்பிவிடுவார்கள்" என்று சொன்ன அனனியாவைத்தான் எரேமியா பொய்த் தீர்க்கதரிசி என்கிறார்.

குழப்பத்துக்கு நம் பழைய மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்றால் நாம் ஆசைப்பட்டதே கிடைக்கும் என்று காதில் விழுகிறது. எபிரெயத்தில் இருப்பது 'அகரீத்', 'திக்வா' என்று இரண்டு சொற்கள்: பிற்காலம், நம்பிக்கை. சபையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் ஒரு வசனம் மட்டும் அச்சாவதால் இதெல்லாம் மறைந்துபோகிறது.

வீட்டுக்கூட்டத்தில் 28:1 முதல் 29:14 வரை சத்தமாக வாசியுங்கள், 31 வசனம்தான். 29-ஆம் அதிகாரத்தின் 5 முதல் 7 வரை நிறுத்தி வாசியுங்கள்: வீடு கட்டு, தோட்டம் போடு, இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணு. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு. வீட்டு விஷயத்துக்கு ஜெபியுங்கள், மனுவும் கொடுங்கள். தேதியை மட்டும் கர்த்தர் பெயரில் சொல்லாதீர்கள்.