வெள்ளி நிறப் பல் அடைப்பை உடனே பெயர்த்தெடுக்க வேண்டுமா?

"வாயில் வெள்ளி நிற அடைப்பு இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், உடலை விஷமாக்குவதால்தான் ஐரோப்பா அதைத் தடை செய்தது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. தடை உண்மை. காரணமும் அறிவுரையும் தவறு.

2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அமால்கம் எனப்படும் இந்த வெள்ளி நிற அடைப்பை, மருத்துவத் தேவைக்கான விதிவிலக்குடன், நிறுத்தியது. முதன்மையான கவலை சுற்றுச்சூழல். அமால்கத்தின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். அது நீர்நிலையை அடைந்தால் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்ற நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. அது மீன்களில் சேர்ந்துகொண்டே போகிறது. பாதரச மாசைத் தடுப்பதற்கான 2013ஆம் ஆண்டின் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கையும் அமால்கத்தின் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்கிறது.

நல்ல நிலையில் இருக்கும் அடைப்பைத் தோண்டினால் என்ன ஆகும்? சுழலும் கருவியின் சூட்டில் பாதரச ஆவி கிளம்பும். சாம்பல் நிறத் துகள்கள் உறிஞ்சுகுழாய் வழியே கழிவுநீருக்குப் போகும். கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் தேய்ந்துபோகும். எதைத் தடுக்க வேண்டுமோ அதையே நாம் செய்கிறோம்! பழுதில்லாத அடைப்பை அகற்ற வேண்டாம் என்றே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் 2020இல் அறிவுறுத்தியது.

அடைப்பு உடைந்தாலோ அடியில் சொத்தை வந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போது, கழிவுநீர்க் குழாயில் அமால்கம் பிரிப்பான் இருக்கிறதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஐஎஸ்ஓ 11143 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி அது குறைந்தது 95 சதவீதத் துகள்களைப் பிடிக்க வேண்டும். அமால்கம் உள்ள பிடுங்கிய பல்லையும் எரிக்கும் குப்பையில் போடக் கூடாது. எரித்தால் பாதரசம் காற்றில் கலந்துவிடும்.