நாடி தெரியவில்லை என்று பதறாதீர்கள்
பலவீனமான இதயத்துக்குத் துணையாக ரத்தத்தை ஓட்ட உடலுக்குள் பொருத்தும் கருவிதான் இதய பம்ப். மாற்று இதயம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு மட்டுமே அது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. ஆனால் மாற்று அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பில்லாதவர்களுக்கு அதுவே நிரந்தர சிகிச்சையாகவும் இருக்கிறது. 2001-ல் வெளியான, இப்படிப்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ரீமேட்ச் என்ற ஆய்வில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு பிழைத்தவர்கள் 25 சதவீதம். பம்ப் வைத்தவர்களில் 52 சதவீதம். இன்றைய கருவிகள் இன்னும் எவ்வளவோ மேல்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பம்ப் ரத்தத்தை விட்டுவிட்டுத் தள்ளாமல் ஒரே சீராக ஓட்டுவதால் பலருக்கு நாடி கைக்குத் தட்டுப்படாது, சாதாரண பிபி கருவியும் அளவு காட்டாமல் போகலாம். நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தால் அதை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். அப்புறம், பம்பிலிருந்து வெளியே உள்ள பேட்டரிக்கு வயிற்றுவழியே வரும் ஒயர்! அந்த இடத்தில் சீழ் பிடிப்பதுதான் பலரைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. கட்டு மாற்றும்போது கை சுத்தம் ரொம்ப முக்கியம்.