மூச்சுமுட்டு உள்ளவர் நடந்தால் நுரையீரல் தேயுமா?

“நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் நடந்தால் மிச்சமிருக்கும் நுரையீரலும் தேய்ந்துவிடும், படுத்திருப்பதே மருந்து” என்று வன்னியில் கைபேசிக்குக் கைபேசி பரவிவரும் செய்தி தவறானது.

நடக்கும்போது மூச்சு வாங்குவது நுரையீரல் தேய்வதன் அடையாளமன்று. ஒடுங்கிய மூச்சுக்குழாய்களால் காற்று முழுமையாக வெளியேறாமல் தேங்குவதே அந்த இளைப்புக்கு முக்கிய காரணம். அதற்கு அஞ்சி அசையாமலிருந்தால் தொடைத் தசைகள் மெலிந்து, அதே வேலைக்கு முன்னைவிடக் கூடுதல் காற்று தேவைப்பட, கிணற்றடிக்குப் போய்வருவதே பெரும்பாடாகிவிடும். விறகடுப்புப் புகையில் பல்லாண்டு சமைத்த எங்கள் அம்மம்மாமார் இப்படித் திண்ணையோடு முடங்கிப்போவது வேதனையானது, தவிர்க்கக்கூடியதும்கூட.

பழுதடைந்த காற்றறைகளை நடை மீட்டுத் தராது என்பது உண்மையே. ஆயினும் தசைகள் வலுப்பெற இளைப்புக் குறைகிறது. அதனாலேயே 6 முதல் 8 வாரங்கள் நீளும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியை மருத்துவ வழிகாட்டல்கள் பரிந்துரைக்கின்றன. வெயில் ஏறுமுன் குளக்கட்டில் சிறிது தூரம் நடந்து, நின்று, மூக்கால் மூச்சை இழுத்து, சுடுதேநீரை ஊதுவதுபோல உதடு குவித்து மெதுவாக வெளியே விட்டு, மீண்டும் நடக்கலாம். நெஞ்சுவலி, தலைச்சுற்று, உதடு நீலித்தல் தோன்றினால் நடையை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வீட்டில் ஒட்சிசன் பாவிப்பவர்கள் வைத்தியரைக் கேட்டபின்பே தொடங்கவேண்டும்.