மைக்ரோமீட்டர் எந்தக் குலத்துத் தொழில்?

எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் இருந்தேன். பள்ளியில் நாங்கள் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை வேலையைக் காட்டியதற்கு ஒரு பிள்ளையின் அம்மா போட்ட அந்த வாய்ஸ் நோட் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் என் அண்ணிக்கே வந்து, "இது உன் சமாச்சாரமா?" என்று கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதைத் திரும்பவும் இங்கே போடப் போவதில்லை. "என் புள்ளைய படிக்க அனுப்புனனா, ஸ்பேனர் புடிக்க அனுப்புனனா?" அந்த ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குப் பயந்து பள்ளி எங்களுடைய இரண்டாவது சனிக்கிழமை வகுப்பை ரத்து செய்துவிட்டது.

சரி, என்ன செய்துவிட்டோம் அப்படி? வடசென்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளி. ஏழாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள், இரண்டரை மணி நேரம். ஒரு மெஷினும் கிடையாது, மின்சாரத்தில் ஓடும் ஒரு டூலும் கிடையாது. ஒரு மூட்டை போல்ட்டு நட்டு, கொஞ்சம் பால் பாயின்ட் பேனா, நீளம், கனம் அளக்கும் வெர்னியர் இரண்டு, அதைவிட நுணுக்கமாக அளக்கும் என் அப்பாவின் பழைய மைக்ரோமீட்டர். காட்டினோம். அவ்வளவுதான். யாரையும் எங்கேயும் வேலைக்குச் சேர்க்கவில்லை.

முதலில் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் வீட்டைச் சுற்றி என்னென்ன செய்கிறார்கள்? பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "ஒன்னும் செய்யல மிஸ், பொகைதான் வுடறாங்க" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். தெருவில் போகிற புல்லட்டைப் பார்த்து வாய் பிளக்கிறான், 1955-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி வளர்ந்தது பக்கத்துத் திருவொற்றியூரில் என்று அவனுக்குத் தெரியாது. எம்ஆர்எஃப் டயர் என்றால் கிரிக்கெட் மட்டைதான் ஞாபகம் வருகிறது, 1946-இல் அதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்துதான் ஆரம்பித்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான். முதல் வந்தே பாரத் ரயில் 2018-இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐசிஎஃப்பிலிருந்து வெளியே வந்தது. அந்த வகுப்பில் மூன்று பிள்ளைகளின் வீடு பெரம்பூருக்கு ஒரு பஸ் தூரம். இவர்களுக்குப் புகை மட்டும்தான் தெரியும். வேலை தெரியாது.

அப்புறம் மைக்ரோமீட்டர். தலைமுடி ஒன்றைப் பிடுங்கி நடுவில் வைத்து, பின்னால் இருக்கும் ராட்செட்டைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று நிற்கும். 0.07 மில்லிமீட்டர். இன்னொருத்திக்கு 0.06. அதற்கப்புறம் எங்களால் வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. ஆளாளுக்கு முடியைப் பிடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "ஹெச்எம் சார் முடியை அளக்கலாமா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். அங்கே அளக்க ஒன்றுமில்லை என்பது அவருக்கே தெரியும், பாவம். "அரை முடி கூடினாக்கூட எங்க கம்பெனில ஷாஃப்ட் ரிஜெக்ட்" என்று சொன்னபோது ஒரு நிமிடம் அமைதி. இருபத்து நான்கு வருடமாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் க்வாலிட்டி பிரிவில் இருக்கிறேன், அந்த மாதிரி அமைதியை எந்த மீட்டிங்கிலும் பார்த்ததில்லை.

பேனாவையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் வரிசையாக நிற்க வேண்டும், ஆளுக்கு ஒரு வேலை. கழற்றிப் போட்ட பேனாவைத் திரும்ப மாட்ட வேண்டும். ஸ்பிரிங் போடுகிற பையனிடம் குவிந்துகொண்டே போனது, அடுத்தவன் சும்மா நின்றான். "சீக்கிரம்டா" என்று எல்லாரும் கத்தினார்கள். ஓரமாக நின்ற ஒரு சின்னப் பெண், மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பிள்ளை, மெதுவாகச் சொன்னாள்: "அவன திட்டாதீங்க. அங்க ரெண்டு பேரு நிக்கணும்." இதே விஷயத்தைச் சொல்ல எங்கள் கம்பெனிக்கு ஒரு கன்சல்டன்ட் கோட் போட்டுக்கொண்டு வந்து மூன்று நாள் படம் காட்டினார்.

இதைத்தான் நம் தோழர் (பெயர் வேண்டாம், நேற்று அவர் பதிவுக்கு நீங்கள்தான் ஹார்ட் போட்டிருந்தீர்கள்) "நவீன குலக்கல்வி" என்கிறார். குலக்கல்வி என்றால் என்னவென்று எனக்கும் தெரியும் தோழர். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்தது. பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். தமிழ்நாடே எதிர்த்தது, 1954-இல் காமராஜர் வந்ததும் தூக்கிப் போட்டார்கள். அப்படித் தூக்கிப் போட்டதால்தான் நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தேன், வகுப்பில் ஒரே பெண்ணாக. எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டுவது குலக்கல்வி. மீன்காரர் மகள் மைக்ரோமீட்டர் பிடித்தால் அது எந்தக் குலம்? சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

"புதிய கல்விக் கொள்கையில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் பத்து நாள் பையில்லாமல் கைத்தொழில் என்று இருக்கிறதே, அதுக்கு ஆள் பிடிக்கிறீர்களா?" என்று ஒரு கமென்ட். இல்லை. எனக்கு அந்த அளவுக்கு செல்வாக்கும் இல்லை.

"குழந்தைத் தொழிலாளர் சட்டம்" என்று வேறு. மரை கழன்றவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். பதினாலு வயதுக்குள் யாரையும் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லியாயிற்று, ஒவ்வொரு ஆடிட்டிலும் அதைப் பார்க்கிறவள் நான். பேனாவுக்கு ஸ்பிரிங் போடுவது வேலை என்றால் வீட்டில் பென்சில் சீவுவதும் வேலைதான்.

"ஏன் அண்ணா நகர் பள்ளியில் போய்ச் செய்யவில்லை?" இது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். அங்கே இதையேதான் ரோபோட்டிக்ஸ் என்று பெயர் வைத்து, டெர்முக்கு இவ்வளவு என்று காசு வாங்கி நடத்துகிறார்கள். அங்கே அம்மாக்கள் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். நாங்கள் ஸ்பேனர் என்று சொன்னோம். இலவசமாக வேறு செய்தோம். இரண்டு தப்பு.

கான்ட்ராக்ட் கூலி, பத்து வருடமானாலும் பெர்மனென்ட் கிடையாது, அதை ஏன் பிள்ளைகளிடம் சொல்லவில்லை என்றும் கேட்டார்கள். சொல்லவில்லைதான். ஏழாம் வகுப்பு. விடுங்கள்.

என் அப்பா டர்னர், லேத் மெஷினில் இரும்பு கடைகிறவர். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம். சாயங்காலம் வந்தால் மரத்தூளும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்ப்பார், அப்போதும் விரல் இடுக்கில் கறுப்பு போகாது. எட்டாவதில் ஒரு படிவம் கொடுத்தார்கள், தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம். டர்னர் என்று எழுதவில்லை. "கம்பெனி வேலை" என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் அப்பா பேங்க். அண்ணன் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம் எங்கள் பெரியம்மா அவரை சூப்பர்வைசர் என்றார். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, காபியைக் குடித்தார். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குக் கடைந்த மனுஷன். என் கையில் முதன்முதலில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து என் முடியை அளந்து காட்டியதும் அவர்தான். அந்த விளையாட்டு நான் கண்டுபிடித்தது இல்லை.

டாக்டர் வேஷம் போட்டு மேடையேற்றலாம். கலெக்டர் வேஷம் போடலாம். அப்போது யாரும் "என் பிள்ளையை டாக்டராக்கப் பார்க்கிறார்கள்" என்று வாய்ஸ் நோட் போடுவதில்லை. காட்டத்தானே செய்தோம்?

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று டீச்சர் சொன்னார், அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மணலிப் பக்கம் கான்ட்ராக்ட் வெல்டராம். இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லையாம், கண்ணில் ஏதோ. அதைக் கேட்ட பிறகு அந்த வாய்ஸ் நோட்டை இன்னொரு தடவை கேட்டேன். முதல் தடவை திமிராகக் கேட்ட குரல் இந்தத் தடவை வேறு மாதிரி இருந்தது. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மேலே "விடுங்கள்" என்று எழுதிய இடத்தை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

அப்பாவும் அன்றைக்கு எங்களோடு வந்திருந்தார். எழுபத்து நாலு வயது, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். பிள்ளைகள் "தாத்தா தாத்தா" என்று சுற்றிக்கொண்டார்கள். இன்று காலை பார்க்கிறேன், மைக்ரோமீட்டரைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். "சனிக்கிழமை எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார்.

இன்னும் சொல்லவில்லை.