ஆராதனைல கொஞ்ச நேரம் மைக்கை ஆஃப் பண்ணுங்க சாமி

போன மாசம் முதல் வியாழக்கிழமை எங்க கோயில்ல தேவ அழைத்தலுக்கான (நம்ம பிள்ளைங்க குருவாவோ துறவியாவோ போகோணும்னு வேண்டறது) நற்கருணை ஆராதனை, அதாவது ஏசுவோட உடலா நாம நம்பற அப்பத்தப் பீடத்துல வெச்சுக் கும்பிடறது, நடந்துட்டு இருக்கறப்ப கரண்ட் போயிருச்சுங்க. இதையெல்லாம் ஒரு விஷயம்னு எழுத வந்துட்டியான்னு கேக்காதீங்க, முழுசா படிச்சுட்டு அப்புறமா திட்டுங்க.

எங்களுது சோமனூர்ப் பக்கம் தறி ஓடற ஊரு. நானும் கூலிக்குத் தறி ஓட்டறவந்தான். தறிச்சத்தம் எங்க காதுல விழறதே இல்லைங்க, நின்னாத்தான் அப்படி ஒரு சத்தம் இருந்துச்சுன்னே தெரியும். அன்னைக்கு எல்லாமே ஒட்டுக்கா நின்னுபோச்சு. கீபோர்டு பாதிப் பாட்டுல செத்துப்போச்சு, மன்றாட்டு வாசிச்சுட்டு இருந்த அக்கா "எங்கள் பங்கிலிருந்து"ங்கற வரைக்கும் வந்தாங்க, அதுக்கு மேல அவங்க குரல் முதல் பெஞ்சுக்கே கேக்கல, மேல ஃபேன் கொறஞ்சு கொறஞ்சு நின்னுச்சு, வெளிய ஊரு பூரா தறி நின்னுச்சு. ஜெனரேட்டர் போடப் போன பையன் திரும்பி வந்து ஃபாதர் காதுல என்னமோ சொன்னான், டீசல் இல்லைன்னுதான் சொல்லியிருப்பான். நற்கருணைப் பேழைகிட்ட இருக்கற செவப்பு வெளக்கும் இப்ப கரண்டு பல்புதானுங்களே, அதும் அணைஞ்சுபோச்சு. பீடத்து மேல ஆறு மெழுகுதிரி, நடுவுல நற்கருணை வெச்சிருக்கற கதிர்ப்பாத்திரம், அவ்வளவுதான் வெளிச்சம்.

நம்ம சனத்துக்கு சும்மா இருக்கறதுன்னா பயம். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, பின்னாடி இருந்து ஒருத்தரு சத்தமா ஜெபமாலை ஆரம்பிச்சுட்டாரு. ஃபாதர் திரும்பாமயே கைய மட்டும் தூக்கினாரு. போதும்ங்கற மாதிரி. அப்புறம் யாரும் வாயத் தொறக்கல. அவிநாசி ரோட்டுல போற பஸ் ஹாரன் கேக்குது, ஒரு பல்லி கத்துது, எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஆத்தா கையில மணி உருளற சத்தம்கூடக் கேக்குது. யாரோ ஒரு ஆளு மூக்க உறிஞ்சறாரு, சளியா அழுகையான்னு தெரியல. எவ்வளவு நேரம்னு கேட்டா இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும். என்ற பையன் பதினொண்ணாவது, பீடத்துக்குக் கீழ தூபக்கலசத்த வெச்சுட்டு முழங்கால்ல இருந்தான். வழக்கமா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கால மாத்துவான், பக்கத்துப் பையன நோண்டுவான். அன்னைக்கு அசையல.

பைக்ல வரும்போது பின்னாடி இருந்து கேட்டான், "ஏப்பா, ஃபாதர் ஆகோணும்னா பன்னெண்டாவது முடிச்சுட்டுப் போகோணுமா, டிகிரி முடிச்சுட்டா?"

ஒரு மணி நேரமா அறுவடைக்கு ஆளனுப்பு ஆண்டவரேன்னு கெஞ்சிட்டு வந்த நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "மொதல்ல கணக்குல பாஸ் ஆகற வழியப் பாரு." சொல்லிட்டு வண்டிய முறுக்கினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு கூலிக் கணக்கு எழுதிட்டு இருக்கறப்ப மறுபடியும் வந்து நின்னான், "அப்பா..."ன்னான். "நேரமாச்சு, போய்ப் படு சாமி"ன்னேன். போயிட்டான்.

பைபிள்ல சாமுவேல் கதை இருக்குதுல்லங்க, பையன் ஆண்டவரோட பேழைகிட்டப் படுத்திருக்கான், வெளக்கு இன்னும் அணையல, யாரோ கூப்பிடறாங்க, எந்திரிச்சு ஏலிகிட்ட ஓடறான். நான் கூப்பிடலப்பா, போய்ப் படுங்கறாரு பெரியவரு. ரெண்டாந் தடவையும் அதேதான். மூணாந் தடவைதான் அந்தக் கெழவனுக்கே வெளங்குது, யாரு கூப்பிடறதுன்னு. இத எத்தனையோ வாட்டி பூசைல கேட்டிருக்கேன், அந்த ஏலி என்ற வீட்டுத் திண்ணைல உக்காந்து கூலிக் கணக்கு எழுதறவன்னு எனக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் உறைச்சுது. தூக்கம் வரல.

சரி, என்ற வெசனம் இருக்கட்டும், சொல்ல வந்தது வேற. அந்த ஆராதனைய ரெண்டு வருசமா நடத்தறோம். மாசாமாசம் வர்றேன். பாட்டு, வாசகம், மன்றாட்டு, மறுபடியும் பாட்டு, சாட்சி, ஜெபமாலை, ஆசீர். ஒரு மணி நேரத்துல ஒரு நிமிஷம் காலி கிடையாது. நாம ஆண்டவர்கிட்ட "கூப்பிடுங்க, கூப்பிடுங்க"ன்னு கத்தறோம், அவரு கூப்பிட்டாலும் எந்தப் பையன் காதுலயும் விழாத அளவுக்கு ரெண்டு பாக்ஸ் ஸ்பீக்கர் வெச்சிருக்கோம். அன்னைக்குக் கரண்ட் போகலைன்னா என்ற பையன் அந்தக் கேள்வியக் கேட்டிருக்க மாட்டான். இதுல எனக்குத் துளி சந்தேகமில்லைங்க.

இது என்ற சொந்த சரக்கு இல்ல. நற்கருணை ஆராதனை எப்படி நடக்கோணும்னு 1973ல ரோமாபுரில இருந்து சடங்குமுறை வந்திருக்குது, அதுலயே பாட்டு, வாசகம், செபத்தோட மௌனத்துக்கும் போதுமான நேரம் குடுக்கச் சொல்லியிருக்குது. வெறும் ஆசீர் குடுக்கறதுக்காக மட்டும் நற்கருணைய எடுத்து வெக்கறதே கூடாதுன்னும் இருக்குது. நாம அந்த மௌனங்கற ஒண்ண மட்டும் வசதியா மறந்துட்டோம். மௌனம்னு அறிவிச்சாலும் கீபோர்டு தம்பி அடியில மெதுவா ஒரு டியூன் ஓட்டிட்டே இருப்பாப்ல, அது என்ன மௌனமோ.

மறுத்துப் பேசறவங்க இருக்காங்க, அவங்க சொல்றதுலயும் நியாயமிருக்குது. எங்க அன்பியத்துல (பக்கத்துப் பக்கத்து வீடுக சேர்ந்து செபிக்கற குழு) ஒரு அக்கா கேட்டாங்க, "பனியன் கம்பெனில பத்து மணி நேரம் நின்னுட்டு வர்றேன், நீங்க மௌனம்னா நான் தூங்கிப் போவேனுங்க, பாட்டுப் பாடினாத்தான் முழிச்சிருப்பேன்." தூங்கட்டுமுங்க. பிரான்ஸ் நாட்டுத் துறவி குழந்தை தெரேசம்மாளே செப நேரத்துல தூங்கிட்டேன்னு எழுதி வெச்சிருக்காங்க, அவங்களப் புனிதை ஆக்கலையா. அதே மாதிரி கஷ்டத்தோட வர்றவங்களுக்கு வாய்விட்டுக் கத்தி அழுதாத்தான் பாரம் எறங்கும், அதையும் நான் வேண்டாங்கல, அதுக்கு முதல் வெள்ளி இருக்குது, குணமளிக்கும் வழிபாடு இருக்குது. தேவ அழைத்தலுக்குன்னு தனியா ஒரு மணி நேரம் ஒதுக்கினா, அதுல கேக்கறதுக்குப் பாதி நேரம் குடுங்கன்னுதான் சொல்றேன்.

இன்னொன்னு. அடிக்கடி வாட்ஸப்ல ஒண்ணு சுத்தும், வட இத்தாலில லூன்னு ஒரு சின்ன ஊரு, 1881ல அந்த ஊர்த் தாய்மாருங்க செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை நற்கருணை முன்னால கூடி எங்க வீட்டுல இருந்து ஒரு பிள்ளைய எடுத்துக்கோங்கன்னு செபிச்சாங்க, அந்த ஒரு ஊருல இருந்து 323 பேரு குருவாவும் துறவியாவும் போனாங்கன்னு. உண்மைதான், ரோமாபுரில குருக்கள் விஷயத்தப் பாத்துக்கற வத்திக்கான் துறை, குருக்களுக்கான பேராயமே 2007ல இதப் புத்தகத்துல போட்டிருக்குது. ஆனா இதப் பகிர்ந்துட்டு எல்லாரும் அந்த 323ங்கற நம்பர மட்டும் பாக்கறாங்க. அவங்க என்ன கேட்டாங்கன்னு பாருங்க. எங்க வீட்டுல இருந்துன்னு கேட்டாங்க. நாம "எங்கள் பங்கிலிருந்து"ங்கறோம், அதாவது பக்கத்து வீட்டுல இருந்து. இதுல ஒரு மாற்றுக் கருத்தும் சொல்லிடறேன், அந்தக் காலத்து இத்தாலில வீட்டுக்கு வீடு நெறையப் பிள்ளைங்க, ஒண்ணு ரெண்டு போனாலும் வீடு தெரியாது. நம்ம தமிழ்நாட்டுல 2020 கணக்குல ஒரு பொம்பளைக்கு 1.4 குழந்தை. எங்க வீட்டுல ஒரு பொண்ணு, ஒரு பையன். பையன் கேட்டத நான் சொன்னப்ப என்ற சம்சாரம் ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "ஒத்தைக்கொரு பையன், அப்புறம் இந்தத் தறிய யாரு பாக்கறது"ன்னா. அது சுயநலம்னு மேடைல நின்னு சொல்றவரு வந்து எங்க வீட்டுல ஒரு வாரம் தறில தார் (ஊடை நூல் சுத்தின கட்டை) மாத்திப் பாக்கட்டும். லூவுல செபிச்ச தாய்மாருக்கும் வயித்துல இதே கலக்கம் இருந்திருக்கும்னுதான் நான் நெனைக்கறேன், இருந்தும் கேட்டாங்க.

உலகத்துல 140 கோடி கத்தோலிக்கர், குருக்கள் சுமாரா 4 லட்சத்து 7 ஆயிரம். வகுத்துப் பாருங்க, ஒருத்தருக்கு மூவாயிரத்து நானூறு பேரு வருது. ஐரோப்பாவுல கோயில் இருக்குது சாமியாரு இல்ல, நம்ம பக்கத்து சாமியாருங்க ஜெர்மனிலயும் இத்தாலிலயும் பங்கு பாத்துட்டு இருக்காங்க. நூத்தம்பது வருசத்துக்கு முன்னால இது தலைகீழா இருந்துச்சு.

கருமத்தம்பட்டி கோயிலுக்கு அக்டோபர் தேருக்குப் போறவங்க எத்தனை பேருக்கு இது தெரியுமோ, அங்கதான் 1846 அக்டோபர் 4ஆம் தேதி பிரெசில்லாக்குங்கற பிரெஞ்சுக்காரர ஆயரா அபிஷேகம் பண்ணினாங்க. 32 வயசு. கோயமுத்தூருக்கு முதல் அப்போஸ்தலிக்கப் பதிலாளரே (மறைமாவட்டம் ஆகறதுக்கு முன்னால போப்பாண்டவர் சார்பா நிர்வாகம் பண்றவரு) அவருதான். அந்த மனுசன் இந்தியாவுக்கு வந்ததுல இருந்து ஒரே பேச்சு, இந்த மண்ணுப் பையனுகளக் குருவாக்கோணும், நாம வெள்ளக்காரனுக ஒதுங்கிக்கோணும். 1844ல பாண்டிச்சேரில நடந்த திருச்சபைச் சங்கக் கூட்டத்துலயும் உள்ளூர்க் குருக்கள் விஷயந்தான் பெருசாப் பேசினாங்க, அவரும் அதுல இருந்தாரு. அடுத்த வருசம் ரோமாபுரியே அதுக்கு ஆதரவா ஒரு அறிவுறுத்தல் விட்டுச்சு. ஆனா கூட இருந்த மிஷனரிகள்லயே பல பேருக்கு அது பிடிக்கல, கிறிஸ்தவங்களச் சாதிச் சடங்குகளக் கடைப்பிடிக்க விடற விஷயத்துலயும் அவருக்கு மனசாட்சி உறுத்தல், கடைசில பதவிய விட்டுட்டுப் போயிட்டாரு. 1856ல லியோன் நகரத்துல ஆப்பிரிக்காவுக்குன்னு ஒரு சபை தொடங்கினாரு, 1859ல சியரா லியோன்ல கால் வெச்சு ஆறு வாரத்துல மஞ்சக் காய்ச்சல்ல செத்துப்போனாரு, 45 வயசு.

உங்க பையனுகளால முடியும்னு ஒரு வெளிநாட்டுக்காரன் நமக்காகச் சண்டை போட்டிருக்கான். இன்னைக்கு அதே ஊருப் பக்கத்துல, என்ற பையன் கேட்டதுக்கு நானே கணக்குல பாஸ் ஆகுங்கறேன்.

அப்புறம் விசாரிச்சதுல தெரிஞ்சுக்கிட்டது, நாம பயப்படற மாதிரி நாளைக்கே பெட்டியக் கட்டிட்டுப் போறதில்லைங்க. பன்னெண்டாவது முடிச்சு சிறு குருமடம் (குருவாகப் படிக்கறவங்க தங்கற எடம்), அப்புறம் தத்துவம், நடுவுல களப்பணி, இறையியல், எல்லாம் சேர்ந்து பத்து வருசத்துக்கு மேல ஆகும். 25 வயசு ஆகாம குருப்பட்டம் கிடையாது. நடுவுல எந்த நாளும் எனக்கு ஒத்துவரலைன்னு வீட்டுக்கு வந்துரலாம், வந்தவன "குருமடத்துல இருந்து ஓடி வந்தவன்"னு நம்ம ஒறம்பரைங்க பேசறதுதான் பிரச்சனை, அதையும் நிறுத்தோணும். திருச்சபைச் சட்டத்துல 1026வது எண் என்ன சொல்லுதுன்னா, யாரையும் எந்த வழிலயும் குருத்துவத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, அதே மாதிரி தகுதியுள்ளவனத் தடுக்கவும் கூடாது. முதல் பாதிய நான் எப்பவும் பெருமையாச் சொல்லுவேன். ரெண்டாவது பாதியப் படிச்சப்ப என்ற பைக் முறுக்கினதுதான் ஞாபகம் வந்துச்சு.

ஃபாதர்கிட்டப் போய்க் கேட்டேன், சாமி, அடுத்த ஆராதனைல அரைமணி நேரம் மைக்க ஆஃப் பண்ணலாமான்னு. சிரிச்சாரு. "பாடகர் குழு என்னை உதைக்கும், பத்து நிமிஷம் தர்றேன்"னாரு. இந்த மாசம் பத்து நிமிஷம் குடுத்தாரு. மூணாவது நிமிஷம் ஒருத்தர் செல்லு அடிச்சுது, அஞ்சாவது நிமிஷம் ஒரு குழந்தை அழுதுச்சு, ஒரு பெரியவரு மைக் ரிப்பேரோன்னு எந்திரிச்சு ஒயர ஆட்டிப் பாத்தாரு. பழகும். தறியும் தொட்ட அன்னைக்கே ஓடிருமா என்ன.

பையன் அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. நானும் கேக்கல, பயந்தான். போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பட்டறைல தார் மாத்திட்டு இருந்தான், ரெண்டு தறி ஓடிட்டு இருக்குது, நான் "அன்னைக்கு என்னமோ கேட்டியே கண்ணு"ன்னேன். "என்னப்பா?"ன்னு கத்தினான், கேக்கல. ரெண்டாந் தடவை சொன்னேன், அப்பவும் கேக்கல. போய் ரெண்டு தறியையும் நிறுத்திட்டு வந்து பாவு உருளை மேல உக்காந்தேன்.

அவன் சொன்னத இங்க எழுத மாட்டனுங்க, அது அவன் விஷயம். அன்னைக்கு ஓட்டத்துல நாலு மீட்டர் துணி கொறஞ்சுச்சு.